மூன்றாவது வரிசையில் மீன் தம்பி

நாமக்கல் பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது, என் கருவாட்டுப் பைக்குக் கிடைக்கவில்லை. "பெரியவரே, நீங்க உள்ளார வாங்க, அது பின்னாடி டிக்கில வரட்டும்" என்றார் கண்டக்டர். பைக்குள் இருந்தது மூன்று வெயில் பார்த்த நெத்திலி. எங்கள் ஊர் பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் விலை கேட்பார். இங்கே ஏறும்போதே ஒருவர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். கன்னியாகுமரிக் கரையில் வள்ளம் இறக்கியவன் நான். வயது எழுபத்தாறு. கடலில் வெகுதூரம் போயிருக்கிறேன், தரையில் மதுரையைத் தாண்டியதில்லை. அதனால் நாமக்கல் எனக்கு வெளிதேசம்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் மனிதர் எப்படிக் காலையில் எந்தத் திசையைப் பார்த்து எழுந்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் மீன் லாரி ஓட்டுகிறவன். போன வருஷம் சேலத்துக்கு லோடு கொண்டுபோகும்போது, நாமக்கல் தாண்டி, புதன்சந்தைப் பக்கம் விடியற்காலையில் வண்டி கவிழ்ந்தது. தொடை கிழிந்து ரோட்டில் கிடந்தான். ஓரத்துக் கோழிப்பண்ணையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அந்தக் கட்டு இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். மகனுக்கு அவள் பெயர் தெரியாது. இயேசுவின் பெயரை அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள், பண்ணைக்கு நீலக் கேட். அவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்கே நான் நேர்ந்துகொண்டேன். மகன் எழுந்து நடந்தால் அந்தப் பெண்ணைத் தேடிப் போவேன். அவள் எந்தக் கோயிலில் ஜெபிக்கிறாளோ அங்கே ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நின்று நன்றி சொல்லுவேன். இப்போது அவன் கம்பு ஊன்றி நடக்கிறான். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தத் துண்டை என் மனைவி மூன்று தடவை துவைத்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் கறை போகவில்லை. அதை மடித்து, கருவாடு படாமல் வேறு பையில் வைத்துத் தந்தாள்.

சனிக்கிழமை காலை நாமக்கல்லில் இறங்கி ஒரு கடையில் உட்கார்ந்தேன். முட்டைதோசை, முட்டைப் பரோட்டா, கலக்கி என்று பையன் அடுக்கினான். கலக்கி என்றால் என்ன என்று கேட்டேன். பாதி வெந்ததும் சுருட்டி எடுத்த முட்டை, உள்ளே இன்னும் தளதளவென்று இருந்தது. மீன் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்குதுங்க, ஆனா உங்களுக்குப் புடிக்காதுங்க" என்றான். என் சட்டையின் வாசம் அவனுக்கு என் ஊரைச் சொல்லியிருக்க வேண்டும்.

டவுன் பஸ்ஸில் புதன்சந்தை தாண்டி இறங்கினேன். முதல் நீலக் கேட்டில் காவல்காரர் உட்கார்ந்திருந்தார்.

"ஆரப் பாக்கணுமுங்க?"

"கோழிப்பண்ணையில வேல பாக்குத ஒரு பொம்பள."

"இங்க எல்லாமே கோழிப்பண்ணைதானுங்க."

"நீலக் கேட்டுன்னு சொன்னாவ."

"பாதி நீலந்தானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். வெயிலில் ரோட்டோரமாக நடந்தேன். இரண்டாவது நீலக் கேட்டில் நாய் மட்டும் இருந்தது. மூன்றாவதில், கேட்டை ஒட்டிய ஓட்டு வீட்டு வாசலில் ஒரு அம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நான் போன வருஷம் கவிழ்ந்த லாரி என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

"அட, மீன் தம்பியோட அப்பனுங்களா? வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வாங்க. தம்பிக்குக் கால் கூடிருச்சுங்களா?"

மீன் தம்பி யார் என்று ஒரு நிமிஷம் எனக்கே விளங்கவில்லை. என் மகனுக்கு இந்த வீட்டில் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அந்த அம்மாள் பாவாயி. நான் தேடி வந்தது அவருடைய மருமகள் சாந்தியை. சாந்தி வாழப்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். நூல் மில்லில் வேலை பார்த்தபோது பாவாயியின் மகனைக் கட்டிக்கொண்டாள். அவன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே இருக்கிறான், வருஷத்தில் இரண்டு தடவை வருவான். "ரெண்டு வருசம் நான் அவகிட்டப் பேசுல. அப்பறம் எனக்குக் காச்ச வந்துச்சு. ஆரு பாத்தா? அவதான் பாத்தா. அதுக்கப்பறம் பேசித்தான ஆகோணும்" என்றார் பாவாயி.

மத்தியானம் சாந்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் துண்டு, ரப்பர் செருப்பு. நான் பழைய துண்டை நீட்டினேன். வாங்கி விரித்துப் பார்த்தாள். கறையைக் கட்டைவிரலால் தடவினாள். "நல்ல துண்டுய்யா இது. போச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

"மக்ளே, நாளைக்கு நாம ரெண்டுபேரும் ஒனக்க கோயிலுக்குப் போவோம். எனக்க நேர்ச்சை அது" என்றேன்.

அவள் முகம் மாறியது. "ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாதுங்கய்யா."

பண்ணையில் வேலை பார்த்த ஒரிசாத் தம்பதி ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஷெட்டுக்கும் அவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைதான் முட்டை லாரி வரும். "கோழிக்கு ஞாயிறு தெரியாதுங்கய்யா. தீனி போடலைன்னா கத்தும். பதினோரு மாசமா நான் கோயில் வாசல மிதிக்கல" என்றாள்.

"அவளுக்குப் பதலா நான் போறனுங்க" என்றார் பாவாயி.

எனக்கு விளங்கவில்லை. பாவாயி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் டவுன் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போகிறார். சாந்தி தினமும் உலை வைக்கும்போது சாமிக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறாள். அந்த அரிசிப் பையை அங்கே வைத்துவிட்டு, கடைசிப் பாயில் உட்கார்ந்து, பிரசங்கத்தைக் கேட்டு வந்து மருமகளிடம் சொல்கிறார்.

"சரியா சொல்லுவாவளா?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஊதாரிப் பையன் கதைங்கய்யா. அந்த அப்பன் பண்ணுனது தப்புன்னு அத்தை ஒரு மணிநேரம் பேசுனாங்க" என்றாள் சாந்தி.

"தப்புத்தான? மூத்தவன் ஒழைக்கறான், இவனுக்கு விருந்தா?" என்றார் பாவாயி.

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் சாந்தி சொன்னாள். அவர்கள் சபையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு வருஷம் வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். மாமியார் வருவது செல்லாது என்று பட்டியலைப் பார்க்கிற சபை மூப்பர் சொல்லிவிட்டார். நாளை ஆராதனை முடிந்ததும் பேசப்போகிறார்கள். "பேரு போனாப் போகுதுன்னு என்னால சொல்ல முடியலைங்கய்யா. எனக்கு அந்த அப்பம் வேணும்" என்று கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

சாயந்தரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சூசையின் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது. ஊர்க்கட்டளை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சூசை ஒரு ஞாயிறு தனியாக வள்ளம் இறக்கினான். அவன் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, மருந்துக்கு வழியில்லை. ஊர்க்கமிட்டியில் நான் இருந்தேன். கோயில் வாசலில் அவனை முழங்காலில் நிற்க வைக்கவேண்டும் என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் நான். நின்றான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. சூசை அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இரண்டு வள்ளம் தள்ளித்தான் அவன் வள்ளம் கிடக்கிறது.

இதைப் பாவாயியிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் நெத்திலியை வறுத்துக்கொண்டே மூக்கைச் சேலையால் மூடியிருந்தார். சொல்லவில்லை.

ஞாயிறு விடியுமுன் சாந்தி எழுப்பினாள். "நேர்ச்சைன்னீங்களே. என் பக்கத்துல நிக்கணும்னா ஷெட்டுலதான் நிக்கணும். குளிச்சுட்டுத் துவைச்ச வேட்டி கட்டிட்டு வாங்க. வெளிச் சீக்கு உள்ள வரக்கூடாது."

எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகத்தான் இப்படிக் குளிக்கச் சொல்வார்கள்.

ஷெட் நீளமாக, பக்கமெல்லாம் கம்பி வலையோடு, அரை இருட்டில் நின்றது. கடல் கரையில் இழுத்துப் போட்ட கப்பல் மாதிரி. வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல், அதன் மேல் ஒரு பேசினில் தண்ணீர். தரையில் இன்னொரு தொட்டியில் தண்ணீர். சாந்தி முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். போகிற போக்கில் என் கை தானாகப் பேசினுக்குள் போனது. விரலை ஆழமாக நனைத்து நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டேன். எழுபது வருஷப் பழக்கம். வாசலில் தண்ணீர் இருந்தால் அது தீர்த்தம்தானே.

சாந்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யா, அது மருந்துத் தண்ணிங்க. கை நனைக்க. கீழ இருக்கறது கால் நனைக்க."

வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது, தண்ணீர் நாவல்பழ நிறம். அதுவரை அதைக் கறுப்பு என்று நினைத்திருந்தேன். கரையாத மருந்துக் கல் அடியில் கிடந்திருக்க வேண்டும். விரல்நுனி பழுப்பாகியிருந்தது. நெற்றி எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்றேன்.

அவள் உடனே உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று மெல்லப் பாட ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் நுழைந்தால் கோழிகள் மிரண்டு ஒன்றின் மேல் ஒன்று விழுமாம். குரல் கேட்டால் அவள்தான் என்று தெரியும். முதலில் ஒரு கோழி பதில் சொன்னது. பிறகு பத்து. பிறகு அந்த ஷெட் முழுவதும், எத்தனை ஆயிரமோ, ஒரே மூச்சாக எழுந்தது. நான் கண்ணை மூடினேன். கருக்கலில் கடலைக் கேட்கிற சத்தம் அது. தண்ணீரே இல்லாத ஊரில் அதைக் கேட்டேன்.

தீனி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் ஒவ்வொரு வரிசையாகப் போனாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. பாட்டு இல்லை, பேச்சு. யாரோடு என்று கேட்டேன்.

"வரிசைக்கு ஒருத்தருங்கய்யா. தீனி போட்டு முடியற வரைக்கும் அவங்களுக்காக ஜெபம். இல்லைன்னா எனக்கு நேரமே இல்ல. மொத வரிசை அவரு, வடக்க இருக்கறவரு. ரெண்டாவது அத்தை. அத்தை வரிசையில மட்டும் ஒடைஞ்ச முட்டை ஜாஸ்தி."

"மூணாவது?"

"இதுதான். மீன் தம்பி. பேரு தெரியலை, கர்த்தருக்குத் தெரியும்னு அப்படியே வெச்சுட்டேன்."

ஒரு வருஷம். மகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவன் முதல் அடி வைத்த நாள் வரை, அதற்குப் பிறகும், ஒவ்வொரு காலையும் இந்த வரிசை முழுக்க அவன் பெயர் இல்லாமலேயே அவனுக்காக யாரோ பேசியிருக்கிறார்கள். நான் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியது மாதத்தில் ஒரு தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கோழி என் பழுப்பு விரலைக் கொத்திப் பார்த்தது.

அவன் பெயர் அந்தோணி என்று சொன்னேன். "அந்தோணி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் வண்டியைத் தள்ளினாள்.

ஒன்பது மணிக்குப் பாவாயியும் நானும் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். பாவாயி முந்தானையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "ஏனுங்ணா, எங்க மாரியாத்தா குங்குமமாச்சும் தண்ணி பட்டாப் போயிருமுங்க" என்றார்.

சின்னக் கோயில், தகரக் கூரை. எங்கள் கோயிலில் இருப்பதுபோல் புனிதர்களின் சுரூபங்கள் இல்லை, வெறும் சிலுவை. ஆனால் பாடினார்கள். மின்விசிறிச் சத்தத்தை மீறிப் பாடினார்கள். பாவாயி அரிசிப் பையை முன்னால் வைத்துவிட்டு வந்து கடைசிப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பிரசங்கத்தின்போது இரண்டு தடவை தலையை ஆட்டி மறுத்தார்.

முடிந்ததும் போதகரும் மூப்பரும் மேசைக்கு வந்தார்கள். போதகர் இளைஞர். மூப்பர் என் வயது, கையில் பட்டியல் நோட்டு. அவர் கெட்ட மனுஷன் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய என் குரல் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

"பாவாயம்மா, நீங்க வர்றது சந்தோஷம். ஆனா சாந்தி சாந்திதான், நீங்க நீங்கதான்."

"அவ வேலையில நின்னாத்தானுங்க நான் சோறு திங்கறேன். அவ சோத்த நான் திங்கலாம், அவ கும்புடற கும்புட நான் கும்புடக் கூடாதுங்களா?"

"நீங்க கும்புடறதே வேற சாமிங்களே."

"அதுக்கென்னங்க. ஞாயித்துக்கெழம உங்குளுது. செவ்வாக்கெழம எங்குளுது."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மூப்பர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்போதுதான் போதகர் என்னைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். "பெரியவருக்கு அடிபட்டிருக்கா?"

எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். துண்டு, பேசின், தீர்த்தம் என்று நான் நினைத்தது, பாட்டு, வரிசைக்கு ஒருத்தர், மூன்றாவது வரிசை. பிறகு சொல்ல நினைக்காத ஒன்றையும் சொன்னேன். "நான் ஒருத்தன முழங்கால்ல நிக்க வச்சேன். ஞாயித்துக்கிழம வேலைக்குப் போனதுக்கு. அது சரியில்ல, அய்யா."

மூப்பர் பேனாவை மூடவில்லை. எழுதவும் இல்லை. போதகர் பாவாயியிடம் கேட்டார், "அவங்களுக்கு எப்ப கை ஓயும்?"

"நாலரைக்கு ரெண்டாந்தடவ முட்டை எடுத்து முடிஞ்சுருமுங்க."

"வர்றேன். குளிச்சுட்டு வரணுமா?"

"வேட்டியும் துவைச்சதா இருக்கோணும்" என்றார் பாவாயி.

நாலரைக்குப் போதகர் பைக்கில் வந்தார், தோளில் ஒரு சின்னப் பெட்டி. சாந்தி முட்டை அட்டைகளை அடுக்கி முடித்துக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் போதகர் ஷூவைக் கழற்றி, வேட்டியைத் தூக்கி, நாவல்பழத் தண்ணீரில் இரண்டு காலையும் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கையை மட்டும் நனைத்தார்.

உள்ளே எங்கே வைப்பது என்று கேட்டார். சாந்தி தீனி வண்டியைக் காட்டினாள். அதைத் துடைத்து, நான் கொண்டுவந்த துண்டை விரித்தாள். கறை இருந்த ஓரத்தை உள்ளே மடிக்கப் போனாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள். அப்பமும் கிண்ணமும் அதன் மேல் இருந்தன.

போதகர் கோயிலில் பாடுவதுபோல் உரக்க ஆரம்பித்தார். ஷெட் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டது. சாந்தி கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, தன் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அவளைப் பின்பற்றினார். கோழிகள் அடங்கின. அவள் குனிந்து அப்பத்தை வாங்கினாள். நான் வேறு சபை, வாங்கவில்லை. வாசலில் பாவாயியோடு நின்றேன். "இப்பத்தான் சாமி அவளப் பாக்க வந்துருக்குது" என்றார் பாவாயி மெதுவாக. மாரியம்மன் திருவிழாவில் நிற்பதுபோல் கைகூப்பியிருந்தார்.

கிளம்பும்போது போதகர் கேட்டார். "பட்டியல்ல பேரு இருக்கும் சாந்தி. மாசம் ஒருக்கா நான் வர்றேன். மூப்பர்கிட்ட நான் பேசறேன். ஆமா, என்னோட வரிசை எது?"

அவள் கூச்சப்பட்டாள். "ஒன்பதாவதுங்க."

"பத்தாவது?"

"மூப்பருங்க. அவருக்கு முட்டுவலின்னு அத்தை சொன்னாங்க. அந்த வரிசையில கொஞ்சம் மெதுவாவே போவேன்."

போதகர் பைக்கை உதைத்துக் கிளம்பினார்.

திங்கள் காலை நான் புறப்பட்டேன். எனக்கு ஒரு வரிசை கிடைக்குமா என்று கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"வரிசை மிச்சமில்லையே அய்யா" என்று யோசித்தாள். "கால் நனைக்கிற தொட்டி இருக்குதல்ல. காலைல அஞ்சேமுக்காலுக்கு அதுல நிப்பேன். அங்க உங்கள நெனைச்சுக்கறேன்."

பாவாயி இரண்டு அட்டை முட்டையைக் கட்டிக்கொடுத்தார். கண்டக்டர் அதை டிக்கிக்கு அனுப்பவில்லை, மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று முட்டைதான் உடைந்திருந்தது.

நெற்றிக் கறை போக ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் பாவாயி போன் செய்தார். மூப்பர் சாந்தியின் பெயரை அடிக்கவில்லையாம். அவளிடம் முட்டுக்குத் தடவ ஜெபித்த எண்ணெய் கேட்டனுப்பினாராம்.

இப்போது தினமும் அஞ்சேமுக்காலுக்குக் கரைக்குப் போகிறேன். அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நிற்கிறேன். பிறகு இழுத்துப் போட்ட வள்ளங்கள் ஓரமாக நடக்கிறேன், வள்ளத்துக்கு ஒருவர். முதல் வள்ளம் என்னுடையது, அதில் சாந்தி. மூன்றாவது சூசையுடையது. அதில் சூசைதான்.

நேற்று அவன் அங்கே உட்கார்ந்து வலையில் பாசி பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் நின்றேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேசினான்.

"எதுக்கு ஓய் தெனமும் எனக்க வள்ளத்துக்கிட்ட வந்து முணுமுணுத்துட்டு நிக்கீரு?"

சொன்னேன். முழங்காலில் நிற்க வைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வள்ளத்தின் மேல் கிடந்த வலையின் ஒரு முனையைத் தூக்கி என் பக்கம் போட்டான்.

"நின்னுட்டேதான் செய்யணுமா? இருந்து பொறுக்கிட்டே செய்யும்."

உட்கார்ந்தேன்.